காகம் கரைந்த காலை

பிழைப்பை நாடித் தில்லிக்கு வந்தபோது நாம் எத்தனையோ பொருள்களை ஊரில் விட்டுவந்தோம். காகம் கரைந்தால் விருந்து வரும் என்ற நம்பிக்கை மட்டும் நம்முடன் வண்டியேறி வந்துவிட்டது. அது மிகப் பழமையானது. விருந்து வரக் கரைந்த காக்கையைக் குறுந்தொகை 210-ஆம் பாட்டிலே போற்றியதனால் நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர் 'காக்கைபாடினியார்' எனப்பட்டார்.

ஒரு ஞாயிறு காலை நம் சமையலறை ஜன்னலில் காகம் ஓயாமல் கரைந்தது. இல்லத்தரசி ஓர் ஆழாக்கு அரிசி கூடுதலாகக் களைந்தாள். "இங்கு நம்மைத் தேடி யார் வரப்போகிறார்கள்?" என்று நகைத்தோம். பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அடுத்த வரிசையில் இதே எண்ணுள்ள வீட்டைத் தேடி, வழி தவறி வந்த தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர்! வேலைக்கு வந்த ஊரில் உறவென்று எவரும் இல்லாதவர். உண்டுவிட்டே சென்றார்.

வியப்பு நீங்காமல், மறுமாதம் முழுவதும் நாட்காட்டியில் குறித்துவந்தோம். காகம் கரையாத நாளே இல்லை. விருந்து வந்த நாட்கள் நான்கு. நான்கும் ஞாயிறு, நான்கிலும் வந்தவர் அவ்விளைஞரே!

மனித வாழ்விடத்தை ஒட்டியே வாழும் வீட்டுக் காகம் நாள்தோறும் கரையத்தான் செய்யும். பொருந்திய நாளை மனம் போற்றி வைக்கிறது. பொருந்தாத நாட்களை மறந்துவிடுகிறது. உண்மை விளங்கிவிட்டது. ஆயினும் அந்த ஓர் ஆழாக்கை நாம் குறைக்கவில்லை. காகத்தின் வாக்குத் தவறலாம். அயலூரில் தனித்திருப்பவருக்கு நம் வீட்டு உலை தவறலாகாது.