மணிக்கூடும் மின்குமிழும்

மழை பொய்த்தால் வயல் வரளும் என்பது உழவர் அறிந்த உண்மை. மழை பொய்த்தால் விளக்கும் அணையும் என்பதை இலங்கை மக்கள் 1996 ஆம் ஆண்டிலே நன்கு உணர்ந்தனர். அக்காலத்தில் நாட்டின் மின்சாரத்திற் பெரும்பகுதி மலைநாட்டு நீர்த்தேக்கங்களிலிருந்தே கிடைத்தது. நீர் வற்றவே மின்வெட்டு வந்தது. அதற்கு அரசாங்கம் கண்ட பரிகாரங்களுள் ஒன்று புதுமையானது. மே மாதத்தில் நாட்டின் மணிக்கூடுகள் யாவும் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டன.

மாலை வெளிச்சம் நீண்டால் விளக்கேற்றும் நேரம் சுருங்கும் என்பதே அதன் கருத்து. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணித்தியாலம் 2006 ஏப்பிரில் வரை நிலைத்தது. வடக்கிலே விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்கவில்லை. சிறு தீவொன்றில் இரண்டு நேரங்கள் வழங்கின.

ஐரோப்பாவின் கோடையிற் பகல் மிக நீண்டது. ஆங்கே இம்முறைக்கு ஓரளவு பொருளுண்டு. கொழும்பிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்குமிடையே ஒரு மணித்தியால வேறுபாடுகூட இல்லை. மாலையில் அணைத்த விளக்கை விடியலில் ஏற்ற வேண்டியதாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் இருளிலே புறப்பட்டனர்.

உண்மையான சிக்கனம் வேறிடத்தில் இருக்கின்றது. 60 வாற்று இழைக்குமிழ் நாள்தோறும் ஐந்து மணித்தியாலம் எரிந்தால், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 110 அலகு மின்சாரம் செலவாகும். அவ்வளவு ஒளியைத் தரும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு 16 அலகு போதும். குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, நீரிறைக்கும் பொறி ஆகியவற்றிலும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு.

நல்ல பொருள் விலை கூடியது. ஏழை அதனை எவ்வாறு வாங்குவான் என்று கேட்பாருளர். கேள்வி நியாயமானதே. ஆயினும், மலிவென்று வாங்கிய பழுதான பொருளின் மிகுதி விலையை அவ்வேழையே மாதந்தோறும் மின்கட்டணத்திற் செலுத்துகின்றான். ஆகவே, மின்சாரத்தை விழுங்கும் பொருள்களைத் துறைமுகத்திலேயே தடுப்பதும், நல்ல பொருளைத் தவணை முறையில் எளியவர்க்குக் கிடைக்கச் செய்வதும் அரசின் கடமை. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் சக்திச் சிக்கனத்தைப் பேணவென ஓர் அதிகாரசபையை நிறுவியது. சட்டத்தின் பயன் கடையின் தட்டுகளிலே காணப்படல் வேண்டும்.

இன்று இக்கடமை மேலும் பெரிதாகிவிட்டது. 2011 முதல் நுரைச்சோலையில் நிலக்கரி எரிகின்றது. அக்கரி பிறநாட்டிலிருந்து வருவது. அதன் புகையோ வானை வெப்பமாக்குவது. வானம் வெம்பினால் மழையின் ஒழுங்கு குலையும். மழை தவறினால் நிலக்கரியின் தேவை மீண்டும் பெருகும். 2022 மார்ச்சு இறுதியில், எரிபொருள் வாங்கப் பணமின்றி, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டை நாடு கண்டது. வீணாகாத ஒவ்வோர் அலகும் இத்தகைய நாளைச் சற்றே தள்ளிவைக்கும்.

மணிக்கூட்டின் முள்ளை நகர்த்த ஒரு கட்டளை போதுமாயிருந்தது. வீட்டிலுள்ள குமிழையும் பொறியையும் மாற்றுவதற்கு ஆண்டுக்கணக்கான முயற்சி வேண்டும். அம்முயற்சியை மழை நன்றாய்ப் பெய்யும் காலத்திலேயே தொடங்குவதுதான் அறிவுடைமை.