சொன்னவன் பார்த்தவனா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு கட்டுக்கதை. பகுத்தறிவு பேசுகிறவர்களுக்குக் கட்டுக்கதையில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கதையைக் கதை என்றே சொல்லி விற்கிறவனோடு நமக்குச் சண்டையே இல்லை. இந்தக் கதையிலோ நாம் கற்றுக்கொள்ளவேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய தொடர் நாவலின் முதல் பாகம் 1996-ல் வந்தது. ஐந்தாம் பாகம் 2011-ல் வந்தது. அதையொட்டி 'கேம் ஆப் திரோன்ஸ்' என்ற பெயரில் 2011 முதல் 2019 வரை டெலிவிஷனிலும் காட்டினார்கள். வெஸ்டரோஸ் என்பது கதையில் வரும் தேசம். அங்கே ராஜாக்கள் உண்டு. நெருப்புக் கக்கிப் பறக்கும் டிராகன்கள் உண்டு. எழுந்து நடக்கும் பிணங்களும் உண்டு.

இந்தக் கதையில் வருகிறவர்கள் ஓயாமல் பழங்காலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். படிக்கிறவர்களில் பலர், “புஸ்தகத்தில் அச்சாகியிருக்கிறதே, அப்படியானால் நடந்ததுதான்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தோழர்களே, அச்சடித்தது ஆசிரியர். ஆனால் சொன்னது கதையில் வரும் ஒரு ஆள். அந்த ஆளுக்குக் கோபம் உண்டு, பயம் உண்டு, சுயநலம் உண்டு, மறதியும் உண்டு. அவனுடைய பேச்சை அப்படியே விழுங்கலாமா?

ஒரு உதாரணம் சொல்லுகிறோம். ஏரிஸ் என்ற ராஜாவுக்கு மெய்க்காவலனாயிருந்த ஜேமி லானிஸ்டர், தான் காப்பதாக ஆணையிட்ட அந்த ராஜாவையே கொன்றான். எடார்ட் ஸ்டார்க் என்ற பிரபு மண்டபத்துக்குள் நுழைந்தபோது ராஜா பிணமாய்க் கிடந்தான். ஜேமி சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தான். ஸ்டார்க் நேர்மையானவர் என்று பேர் வாங்கியவர். தம் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். ஆனால் “ஏன் கொன்றாய்?” என்று மட்டும் கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை. 15 ஆண்டுகளுக்கு மேல் ஜேமி துரோகிப் பட்டத்தைச் சுமந்து திரிந்தான்.

2000-ல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் அவன் பிரியன் என்ற பெண்ணிடம் வாய் திறக்கிறான். நகரத்துக்கு அடியில் கொடிய நெருப்புச் சரக்கைப் பதுக்கி வைத்திருந்த ராஜா, தோற்கும் நேரத்தில் ஜனங்களோடு சேர்த்து நகரத்தையே கொளுத்த உத்தரவிட்டான் என்றும், அதைத் தடுக்கவே அவனைக் கொன்றதாகவும் சொல்லுகிறான்.

சரி, இவன் சொன்னதை மட்டும் உடனே நம்பிவிடலாமா? கூடாது. இவன் குற்றம் சாட்டப்பட்டவன். தனக்காகத் தானே பேசுகிறவன். ஆதாரம் எங்கே என்று கேட்கவேண்டும். 1998-ல் வந்த இரண்டாம் பாகத்தைப் புரட்டினால், அந்தச் சரக்கு அடைத்த ஜாடிகள் நகரத்தின் பெரிய கட்டடங்களுக்கு அடியில் கிடைத்த சங்கதி வருகிறது. அதைச் சொல்லுகிறவனுக்கு ஜேமிக்காகப் பரிந்து பேசவேண்டிய அவசியம் இல்லை. ஆகவே ஜேமியின் பேச்சுக்குப் பலம் வருகிறது. “கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இன்னொரு சங்கதி. 2018-ல் மார்ட்டின் அந்த ராஜ வம்சத்தின் சரித்திரம் என்று ஒரு தனிப் புஸ்தகமே வெளியிட்டார். அதில் விசேரிஸ் என்ற ராஜாவின் சாவுக்கு இரண்டு கதைகள் இருக்கின்றன. யூஸ்டஸ் என்ற மதகுரு, ராஜா தூக்கத்தில் நிம்மதியாய் இறந்தார் என்கிறார். மஷ்ரூம் என்ற அரண்மனைக் கோமாளி, ராணி விஷம் வைத்தாள் என்கிறான். விஷக்கதைதான் ருசியாயிருக்கிறது! ஆனால் அந்த இரவில் கோமாளி தலைநகரத்திலேயே இல்லை. ராணிக்கு எதிர்க்கட்சியான ராஜகுமாரியோடு வேறு ஒரு தீவில் இருந்தான். இல்லாத இடத்தில் நடந்ததை இவன் எப்படிக் கண்டான்? கேட்பவன் கேனையனாயிருந்தால் கேழ்வரகில் நெய் வடியத்தானே செய்யும்! அதற்காக மதகுரு சொன்னது மெய்யாகிவிடாது. அவரும் ராணி கட்சிக்குச் சாய்ந்தவர்தான்.

பழமை என்றால் தலை வணங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2005-ல் வந்த நான்காம் பாகத்தில் சாம்வெல் என்ற வாலிபன் பழைய ஏடுகளைப் புரட்டுகிறான். வடக்கே பனிச்சுவரைக் காக்கும் படைக்கு அப்போது இருப்பவன் 998-வது தலைவன் என்பது பேச்சு. கிடைத்த மிகப் பழைய பட்டியலிலேயே 674 பேர் இருக்கிறார்கள். அப்படியானால் முதல் தலைவனைக் கண்டவன் எவனும் அந்தப் பட்டியலை எழுதவில்லை என்றுதானே அர்த்தம்? ஆதிகாலக் கதைகள் எல்லாம் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்குப் பின்னால் வந்த மதகுருமார் எழுதி வைத்தவை என்று சாம்வெல் கண்டு சொல்லுகிறான். அவற்றில் ராஜாக்கள் நூற்றுக்கணக்கான வருஷம் ஆளுகிறார்கள். குதிரைவீரர் பட்டமே உண்டாகாத காலத்தில் பட்டம் பெற்ற வீரர்கள் சவாரி செய்கிறார்கள்!

இவ்வளவும் கேட்டுவிட்டு, “அப்படியானால் பழங்கதை எல்லாம் பொய்” என்று எழுந்து போய்விடாதீர்கள். அதுவும் விசாரிக்காமல் சொல்லும் தீர்ப்புத்தான். வடக்கே பிணங்கள் நடக்கும் என்று ஒரு கிழத் தாதி பிள்ளைகளுக்குக் கதை சொன்னாள். படித்தவர்கள் சிரித்தார்கள். கதையின் உலகத்தில் அது மெய்யாயிருந்தது. காவற்படை வீரன் ஒருவன், வெட்டிய பின்னும் அசைந்த பிணத்தின் கையை ஜாடியில் போட்டு, அத்தாட்சியாக அரண்மனைக்கே கொண்டுவந்தான். மந்திரி அவன்மேல் இருந்த பழைய வெறுப்பால் அவனைக் காக்க வைத்தான். காத்திருந்ததில் கை அழுகிப்போயிற்று. அத்தாட்சி வாசலில் வந்து நின்றபோது பார்க்க மறுத்தவன் எவ்வளவு படித்திருந்து என்ன பிரயோஜனம்?

ஆகவே தோழர்களே, பழங்காலத்தைப் பற்றி எவன் பேசினாலும் நான்கு கேள்வி கேளுங்கள். நீ அங்கே இருந்தாயா? இல்லையென்றால் உனக்குச் சொன்னவன் யார்? இப்படிச் சொல்லுவதால் உனக்கு என்ன லாபம்? உன் பேச்சைத் தவிர வேறு என்ன அத்தாட்சி? சொல்லுகிறவன் நமக்கு வேண்டியவனாயிருந்தாலும் கேளுங்கள். நாமே சொன்னாலும் கேளுங்கள். ஸ்டார்க் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், நகரத்துக்கு அடியில் நெருப்பு புதைந்திருப்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்காததால் அதன்மேலேயே ஜனங்கள் குடியிருந்தார்கள்.