வீட்டுப் பழுதும் நம் கைத்திறனும்



வீட்டைக் கட்டுவது ஒரு முறை. அதைக் காப்பதோ நாள்தோறும் தொடரும் வேலை. குழாய் ஒழுகுகிறது, நாற்காலியின் கால் ஆடுகிறது, கூரையில் ஓர் ஆணித் துளை வழியே மழைநீர் சொட்டுகிறது. இவை எல்லார் வீட்டிலும் நிகழ்பவை. இவற்றுள் நம் கையாலேயே செய்துகொள்ளக் கூடியவை எவை, கை வைக்காமல் தகுதியுள்ளவரை அழைக்க வேண்டியவை எவை, தெரிந்ததை அண்டை அயலாரோடும் பிள்ளைகளோடும் எவ்வாறு பகிர்ந்துகொள்ளலாம் என்பன குறித்து இன்று சிந்திப்போம்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் மக்களுக்கு முன்பு இக்கேள்வி அவ்வளவாக எழவில்லை. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்திற்குச் சொந்தமாக இருந்தது. கூரைத் தகரம் பெயர்ந்தால் அலுவலகத்துக்குச் சென்று கிராணியிடம் சொல்வோம். தோட்டத்துத் தச்சர் ஏணியோடு வருவார். வருவதற்கு நாளாகலாம், ஆயினும் பழுது பார்க்கும் பொறுப்பு நம்முடையது அன்று. அதே வேளையில், நம் முன்னோர் கைத்திறன் அற்றவர்களாக இருந்ததில்லை. மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிக் குப்பை முறம் செய்தார்கள். பெட்டிப் பலகையில் பெஞ்சு செய்தார்கள். கழிவுப் பலகையில் கோழிக் கூண்டு அடித்தார்கள். செம்பனை ஓலையின் ஈர்க்கைச் சீவி விளக்குமாறு கட்டினார்கள். கடையில் வாங்குவதற்குப் பணம் இல்லாத காலத்தில் கையே கடையாக இருந்தது.

பின்னர், 1970ஆம், 1980ஆம் ஆண்டுகளிலும் அதற்குப் பிறகும், பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களுக்காக விற்கப்பட்டும் மறைந்தன. நம் குடும்பங்கள் பட்டணத்து வரிசை வீடுகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. அங்கே கிராணியும் இல்லை, தச்சரும் இல்லை. பழுது நம் பொறுப்பாயிற்று. ஆனால் இளைய தலைமுறையின் கைகளுக்குச் சுத்தியலும் குறடும் பழக்கமில்லாமல் போய்விட்டன. இதனால் இரண்டு வகையான தீங்குகள் விளைகின்றன. பத்து நிமிடத்தில் முடியும் எளிய வேலைக்குப் பணம் கொடுத்து ஆள் தேடுகிறோம். அதே நேரத்தில், உயிருக்கு உலை வைக்கக் கூடிய மின்சார வேலையைச் சிக்கனம் கருதி நாமே செய்யத் துணிகிறோம். இந்த இரண்டையும் தலைகீழாக மாற்றுவதே நம் நோக்கம்.

முதலில் ஒழுகும் குழாயை எடுத்துக்கொள்வோம். எங்கள் பள்ளியில் கைகழுவும் இடத்துக் குழாய் ஒன்று சொட்டத் தொடங்கியபோது, அதையே ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதப் பாடமாக்கினோம். கால் லிட்டர் குவளை ஒன்றை அதன் கீழ் வைத்தோம். குவளை நிரம்ப 15 நிமிடம் ஆயிற்று. அப்படியானால் ஒரு மணிக்கு 1 லிட்டர். ஒரு நாளைக்கு 24 லிட்டர். 30 நாள் மாதத்திற்கு 720 லிட்டர். சிறுதுளி பெருவெள்ளம் என்பதைப் பிள்ளைகள் கரும்பலகையில் கண்ணால் கண்டார்கள். நேயர்களும் தங்கள் வீட்டில் இவ்வாறு அளந்து பார்க்கலாம்.

பல சுற்றுகள் திருகி மூடும் பழைய வகைக் குழாய் சொட்டுவதற்குப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துபோவதே காரணம். அதை மாற்றும் முறையைக் கூறுவோம். முதலில் வீட்டு நீர்மானிக்கு அருகில் உள்ள அடைப்புக் குழாயை மூட வேண்டும். பிறகு பழுதான குழாயைத் திறந்து, எஞ்சியுள்ள நீரை வெளியேற்ற வேண்டும். கழுவுதொட்டியின் துளையை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். இல்லையேல் சிறு திருகாணி உள்ளே விழுந்து வேலை இரட்டிப்பாகும். கைப்பிடியைக் கழற்றிய பின், குழாயின் உடற்பகுதியை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள பெரிய மரையை ஸ்பேனரால் இடப்புறமாகத் திருப்ப வேண்டும். பளபளப்பு கீறாமல் இருக்க ஸ்பேனருக்கும் மரைக்கும் இடையில் துணி வைக்கலாம். தண்டு மேலே வரும். அதன் அடியில் வாஷர் இருக்கும். பழைய வாஷரைக் கையோடு இரும்புச் சாமான் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். அதன் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலைகூட இராது.

புதிய வாஷர் போட்டும் சொட்டினால், வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பு குழிந்து போயிருக்கலாம். அப்போது குழாயையே மாற்றுவது நல்லது. கால் சுற்றிலேயே திறந்து மூடும் புதிய வகைக் குழாயில் ரப்பர் வாஷருக்குப் பதில் பீங்கான் தட்டுகள் இருக்கும். அதில் உட்பகுதி முழுவதையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஆகவே, கழற்றுவதற்கு முன் எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

அடுத்து, ஆடும் நாற்காலி. நம்மில் பலர் உடனே ஓர் ஆணியை எடுத்து அடித்துவிடுகிறோம். ஆணி மரத்தைப் பிளக்கும். ஆட்டம் சில நாளில் முன்னிலும் மோசமாகத் திரும்பும். சரியான முறை வேறு. முதலில் நாற்காலியைச் சமமான தரையில் வைத்துப் பாருங்கள். குற்றம் தரையிலும் இருக்கலாம். மூட்டுதான் தளர்ந்திருக்கிறது என்று உறுதியானால், அதைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதிய மரப்பசை தடவிச் சேர்க்க வேண்டும். பிறகு நான்கு கால்களையும் சுற்றி ஒரு கயிற்றைக் கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியை நுழைத்து முறுக்குங்கள். முறுக்க முறுக்க மூட்டுகள் இறுகும். குச்சி திரும்பிவிடாமல் கட்டி, ஓர் இரவு அசைக்காமல் விட்டுவிட வேண்டும். கடையில் வாங்கும் இறுக்கி இல்லாத வீட்டில் இந்தக் கயிறும் குச்சியுமே போதும்.

இனிக் கூரை. நெளிதகரக் கூரையில் ஆணியோ திருகாணியோ நெளிவின் மேட்டில்தான் இறங்க வேண்டும். பள்ளத்தில் அடிக்கக் கூடாது. காரணம் எளிது. மழைநீர் பள்ளத்தின் வழியேதான் ஓடுகிறது. அங்கே துளையிட்டால் நீருக்கு நாமே வழி திறந்துவிடுகிறோம். தலையின் அடியில் ரப்பர் வளையம் உள்ள கூரைத் திருகாணியைப் பயன்படுத்த வேண்டும். ஒழுகும் இடம் பெரும்பாலும் அந்த வளையம் வெயிலில் காய்ந்து வெடித்த இடமாகவே இருக்கும்.

கூரை வேலையை ஒருபோதும் தனியாகச் செய்யாதீர்கள். ஏணி 4 அடி உயரத்தைத் தொட்டால், அதன் கால் சுவரிலிருந்து 1 அடி தள்ளி இருக்க வேண்டும். 12 அடி உயரமானால் 3 அடி. கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மழை பெய்து ஈரமாக உள்ள தகரத்தில் கால் வைக்கவே கூடாது. பழைய வீடுகள் சிலவற்றின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுத் தகடுகளால் ஆனது. அவற்றை அறுப்பதோ, துளையிடுவதோ, உடைப்பதோ ஆகாது. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துக் கொடிய நோயைத் தரும். அத்தகைய கூரையை அதற்குரிய பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

கூரையோரத்து நீர்த்தாரையையும் மறந்துவிடக் கூடாது. இலை அடைத்துத் தேங்கும் நீரில் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக மாறச் சுமார் 7 முதல் 10 நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை நீர் தேங்கும் இடங்களைப் பார்த்துச் சுத்தம் செய்வது பழுது பார்க்கும் வேலை மட்டுமன்று. பிள்ளைகளின் உயிர்காக்கும் வேலையும் ஆகும்.

நேயர்களே, இதுவரை கூறியவை நம் கைக்கு எட்டியவை. இனி, கை வைக்கக் கூடாத இடத்திற்கு வருவோம். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஈரக் கையோடு அதைத் தொட்டவருக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடைக்காமலும் போகலாம். சுவருக்குள் ஓடும் கம்பிகள், புதிய பிளக்குத் துளைகள், நீர்ச் சூடேற்றி, மின்பெட்டி ஆகியவற்றைப் பதிவு பெற்ற மின்பணியாளர் மட்டுமே தொட வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது சிக்கனமே அன்று.

ஆயினும் மின்சாரத்திலும் நாம் அறிந்திருக்க வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, மின்பெட்டியில் மின்கசிவைத் தடுக்கும் கருவி இருக்கும். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். அழுத்தியவுடன் சுவிட்சு கீழே விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அக்கருவி நம்மைக் காக்காது. உடனே மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

மற்றொன்று, மூன்று முனைப் பிளக்கில் உள்ள ஃபியூஸ். கருவியின் வாட் அளவை 230ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் தெரியும். 60 வாட் மின்விசிறி கால் ஆம்பியருக்குச் சற்று மேல்தான் இழுக்கிறது. அதற்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். 2,000 வாட் நீர்க்கொதிகலம் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கிறது. அதற்கு 13 ஆம்பியர் வேண்டும். ஃபியூஸ் போய்விட்டால், பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிய பின்னரே அதைத் திறந்து, அதே அளவுள்ள புதிய ஃபியூஸைப் போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ கம்பித் துண்டையோ வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. ஃபியூஸ் உருகுவது வீடு எரியாமல் இருப்பதற்காக. அதை உருகவிடாமல் செய்தால், அடுத்து உருகப்போவது கம்பி. அதற்கடுத்து எரியப்போவது வீடு.

சமையல் எரிவாயுவுக்கும் ஒரு சொல். கசிவு இருக்கிறதா என்று தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. சோப்பு நுரையைக் குழாயிலும் இணைப்பிலும் தடவுங்கள். குமிழி கிளம்பினால் அங்கே கசிவு. உடனே கலத்தை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிடுங்கள். அந்நேரத்தில் மின்சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

இறுதியாக, தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ளும் வழியைப் பார்ப்போம். தோட்டத்து ஆலைகளில் ஃபிட்டராகவும் தச்சராகவும் கொத்தராகவும் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இன்று நம் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். மாலையில் திண்ணையில் அமர்ந்திருக்கும் அவர்களிடம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத அறிவு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் காலம் குறைந்துகொண்டே வருகிறது. “ஐயா, இந்த நாற்காலியைப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை செய்து காட்டுங்கள்” என்று அழைத்தால் அவர்கள் மறுக்க மாட்டார்கள். பள்ளியிலும் கோயிலிலும் நடைபெறும் கூட்டுப்பணி நாளில், புல் வெட்டுவதோடு நின்றுவிடாமல், ஒரு மணி நேரம் இத்தகைய கைவேலைக்கும் ஒதுக்கலாமே!

பத்து வீட்டுக்குப் பத்து ஏணி வேண்டியதில்லை. ஒரு வரிசைக்கு ஓர் ஏணி, ஒரு பெரிய ஸ்பேனர், ஒரு கைத்துளைப்பான் இருந்தால் போதும். யாரிடம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தைப் பழுதுக் குறிப்பேடாக வைத்துக்கொள்ளலாம். என்று பழுதாயிற்று, என்ன அளவில் பொருள் வாங்கினோம், எவ்வளவு செலவு என்று எழுதி வைத்தால், அடுத்த முறை பக்கத்து வீட்டாருக்கும் அது வழிகாட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை செய்யும்போது பிள்ளைகளை அப்பால் போகச் சொல்லாதீர்கள். பாதுகாப்பான வேலையானால் திருகாணியைப் பிடிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர்களையே திருகச் சொல்லுங்கள். மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும் திருப்புளியைக் கொடுங்கள். வகுப்பில் வாஷர் மாற்றக் கற்றுக்கொண்ட மாணவி, வீட்டில் தாயாருக்கு அதைக் கற்றுக்கொடுத்ததாக வந்து சொன்னபோது, எங்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சி தேர்வு முடிவுகளில் கிடைக்கும் மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று.

இன்று மாலையே வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். எது நம் கை வேலை, எது வல்லுநரின் வேலை என்று பிரித்து எழுதுங்கள். முதல் பட்டியலில் உள்ள ஒன்றை இந்த வாரமே செய்து முடியுங்கள். இரண்டாம் பட்டியலில் உள்ளதற்குத் தகுந்த ஆளை இந்த வாரமே அழையுங்கள்.