விளக்கு உரைக்கும் சாட்சி



அனலைதீவில் ஓரிரவு. நோயாளியை இறங்குதுறைக்கு ஏற்றிச்செல்ல வேண்டிய கார் அயல்வீட்டில் அசையாது நின்றது. “பற்றரி பழுது, விடிந்ததும் ஊர்காவற்றுறைக்குப் படகேறிப் புதிதொன்று வாங்க வேண்டும்” என்றனர். நோய் விடியும்வரை பொறுக்குமா?

குற்றம் எதனதென முதலில் ஆராய்தல் வேண்டும். முன்விளக்கை ஏற்றிவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். ஒளி மங்கி, ‘டக் டக்’ என்னும் ஒலி தொடர்ந்து எழுந்தால், பற்றரி வலுவிழந்திருக்கலாம். அன்றி அதன் முனைகளிற் களிம்பு படிந்திருக்கலாம். ஒளி மங்காதிருக்க, ஒரேயொரு ‘டக்’ ஒலி கேட்டாலோ, ஒலியே எழாவிட்டாலோ, ஐயம் ஸ்டார்ட்டரின்மேலும் அதற்குச் செல்லும் கம்பிகளின்மேலும் படரும். வோல்ட்டுமானி இருப்பின் இன்னும் தெளிவு: நன்கு மின்னேறிய 12 வோல்ட் பற்றரி, ஓய்வில் ஏறத்தாழ 12.6 காட்டும்.

அன்று விளக்கு மங்கியது, மானியோ 12.6 காட்டியது. ஆகவே முனைகளை நோக்கினோம். உப்புக்காற்றின் வேலை அங்கே வெண்பச்சையாகப் படிந்திருந்தது. எதிர்முனைக் கம்பியை முதலிலும் நேர்முனைக் கம்பியை அடுத்தும் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவித் துடைத்து, எதிர்முனையை இறுதியாக வைத்து இறுகப் பூட்டினோம். கார் கிளம்பியது; நோயாளியும் படகேறினார்.

விசாரியாது மாணவனைத் தண்டிப்பதும், சோதியாது பற்றரியை மாற்றுவதும் ஒரே தவறுதான்.