ஆறும் அதன் மணலும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் பண்டிதனல்லன், இருப்புப்பாதையில் எழுத்தனாகக் காலங் கழிப்பவன். ஆதலின் நாள்தோறும் கண்ணிற்படும் ஆற்றைப் பற்றியே சில சொல்லத் துணிந்தேன்.

அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்திலே கொலராடோ ஆறு அறுத்த பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. நீளம் ஏறத்தாழ 446 கிலோமீட்டர். ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். ஐம்பது அறுபது இலட்சம் ஆண்டு வேலை என்பர். நீர் மட்டுமா பாறையை அறுத்தது? நீர் வாளின் கைப்பிடியெனில், அது உருட்டிச் செல்லும் மணலும் கூழாங்கல்லுமே அதன் பற்கள். மழை மிகுந்த நாடாயின் இரு கரைகளும் கரைந்து சரிந்து பள்ளத்தாக்கு அகன்றுவிடும். அங்கோ மழை அரிது. ஆற்றுநீர் தொலைவிலுள்ள ராக்கி மலைப் பனியிலிருந்து வருகின்றது. ஆகவே ஆறு கீழ்நோக்கி அறுக்க, கரைகள் சுவர்களாகவே நின்றுவிட்டன. அத்துணைத் தொலைவு செல்ல இயலாதவர், கடப்பை மாவட்டத்துக் கண்டிக்கோட்டையில் வடபெண்ணை எர்ரமலையைப் பிளந்து செல்வதைக் காணலாம்.

நம் பாலக்காட்டுக் கணவாய்க்கு வருவோம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை; இடையே சுமார் 30 கிலோமீட்டர் திறப்பு. 1862இல் சென்னையிலிருந்து மேலைக் கடற்கரைக்கு வண்டி ஓடியது இதன் வழியாகவே. இதனையும் ஆறே அறுத்தது என்று நெடுநாள் நம்பியிருந்தேன். நிலநூலாரிற் பலர் கூறுவது வேறு: பல கோடி ஆண்டுகட்கு முன்னரே பூமியின் ஓடு இங்கே நெரிந்து பாறை நலிந்து கிடந்ததாம், வெயிலும் மழையும் ஆறும் அதனைப் பின்னர் அரித்தனவாம். இன்று ஒருபுறம் நொய்யல் காவிரியை நாடுகின்றது. மறுபுறம் நம் வாளையாறு கல்பாத்திப் புழையிற் கலந்து, பறளியிலே பாரதப்புழையோடு சேர்ந்து, பொன்னானியிற் கடலடைகின்றது.

1964இல் வாளையாற்றுக்கு அணை அமைந்தது. அணை நீரை மட்டுமன்று, மணலையும் நிறுத்தும். கீழே எஞ்சிய மணலை நாம் லாரியில் ஏற்றினோம். 2001இல் கேரள அரசு மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றும் அளவுக்கு அது முற்றிற்று. சுமையிழந்த நீர் தன் படுகையையே தின்னும், படுகை தாழும், கிணறுகள் வற்றும், பாலத்தூணின் அடி வெளிப்படும். மழைக்கால இரவில் விளக்கேந்தித் தண்டவாளம் பார்த்து நடக்கும் எங்கள் கேங்மேன்களைக் கேட்டுப் பாருங்கள், அரிப்பு என்றால் என்னவென்று.

பிறரைக் குறை கூற வரவில்லை. நான் வீடு கட்டியபோது பதினொரு லாரி ஆற்றுமணல் இறக்கினேன். விலை கேட்டேன், அனுமதிச் சீட்டு உண்டா என்று கேட்கவில்லை. அவ்வீட்டுக் கிணறு இப்போது மாசியிலேயே வற்றுகின்றது. என் மகள் தெருக்குழாயில் வரிசை நிற்கின்றாள். என் பதினொரு லாரியே காரணம் என்று சொல்ல இயலாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

நம் சங்கத்துக்குக் கட்டடம் எழுப்பப் பேசி வருகின்றோம். அதற்கு ஆற்றுமணல் வேண்டா, எம்-சாண்ட் வாங்குவோம். அதுவும் மலையை உடைத்தே வருகின்றது என்பதை மறுக்கவில்லை. இரண்டு தீங்கிற் சிறியதைச் சொல்கின்றேன். எதை வாங்கினும் சீட்டைக் கேட்டு வாங்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டி அமர்கின்றேன்.