வேலைக்குப் போகுமுன் அடையாள அட்டையைச் சரிபாருங்கள்



ஊர் திரும்பிய பிள்ளைகள் பலர் இப்போது வேலை தேடுகிறார்கள். அறிவியல்நகர் ஆடைத் தொழிற்சாலையானாலும் சரி, வவுனியாவில் ஒரு கடையானாலும் சரி, தொழில்தருநர் முதலில் கேட்பது தேசிய அடையாள அட்டையைத்தான். உங்கள் இலக்கத்தைக் கணினியில் பதிந்த பின்புதான் நீங்கள் அங்கே ஊழியர்.

ஊழியர் சேமலாப நிதிக்கும் அந்த இலக்கமே அடிப்படை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநரின் பங்காக 12 வீதமும் மாதந்தோறும் அந்த நிதிக்குப் போகவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் தனியாக 3 வீதம் கட்டவேண்டும். அட்டை இல்லாதவரை நாட்கூலியாக, பதிவில்லாமல் வைத்திருப்பது சிலருக்கு வசதி. இழப்பு உங்களுக்குத்தான்.

ஆகவே அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் என்றே கணக்கு. 1992 மார்ச் 1இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 92561 என்று தொடங்கும், ஆணுக்கு 92061. 12 இலக்கமுள்ள புதிய அட்டையில் ஆண்டு 1992 என்று முழுமையாக வரும்.

இந்தக் கணக்கு பிறப்புச் சான்றிதழுடன் பொருந்துகிறதா, பெயர் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். பிழை இருந்தால் அந்த நேரத்தில் அலையாமல் இப்போதே திருத்துங்கள்.

இடம்பெயர்வில் அட்டை தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியுடன் கிராம அலுவலரிடம் போங்கள். விண்ணப்பம் அவர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து ஆட்பதிவுத் திணைக்களத்துக்கும் போகும். பிறப்புச் சான்றிதழும் இல்லையென்றால் முதலில் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேளுங்கள். பிறப்புப் பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெற வழியுண்டு.

தமிழகத்து முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின்படி அவர்களை இலங்கைப் பிரசைகளாகப் பதியவேண்டும். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளை வேலைக்குப் போகும் வயதுவரை காத்திருக்காதீர்கள்.

இரண்டு விடயங்களைச் செய்யவே வேண்டாம். அக்காவின் அட்டையில் தங்கை வேலைக்குச் சேரவேண்டாம்: சேமலாப நிதி அக்காவின் பெயரில் விழும், வேலைத்தலத்தில் விபத்து நடந்தால் நட்டஈடு கேட்பதும் சிக்கலாகும். அதோடு அது குற்றம். மூல அட்டையை எவரிடமும் விட்டுவிட்டு வரவேண்டாம். காட்டுங்கள், பிரதி கொடுங்கள், அட்டையைத் திரும்ப வாங்குங்கள்.

சேர்ந்த பின் சம்பளச் சிட்டையில் சேமலாப நிதிக் கழிவும் உங்கள் அங்கத்துவ இலக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம்.

இனி, உங்கள் ஆவணங்களைக் கொண்டு வந்திருப்பவர்கள் முன்னே வாருங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.