இனிப்பு நீர்: ஒரு சொல் தரும் பாடம்
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்தப் பள்ளியில் படித்து, இன்று தாதியாகப் பணிபுரிகிறேன். ஒரு நோயின் பெயரைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். டாக்டர் அட்டையில் எழுதுவது 'டயபடிஸ் மெலிட்டஸ்'. மலாயில் 'கென்சிங் மானிஸ்'. நாம் சொல்வது 'இனிப்பு நீர்'.

டயபடிஸ் என்பது கிரேக்கச் சொல். 'ஊடே கடந்து போவது' என்று பொருள். குடித்த தண்ணீரெல்லாம் உடம்பில் தங்காமல் ஓடுகிறதல்லவா, அதனால் வந்த பெயர். ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே அரெட்டேயஸ் என்ற கிரேக்க மருத்துவர், சதையே கரைந்து சிறுநீராகப் போகும் நோய் என்று இதை வருணித்தார். மெலிட்டஸ் லத்தீன் சொல். தேன்போல் இனிப்பது என்று பொருள். இங்கிலாந்தில் மேத்யூ டாப்சன் என்ற மருத்துவர் 1776இல் நோயாளியின் சிறுநீரை வற்றக் காய்ச்சி, அதில் சர்க்கரை இருப்பதைக் காட்டினார்.

என் அப்பா பால்மரம் சீவியவர். 'இனிப்பு நீர்' என்று கேட்டதும் தேத்தண்ணியில் சீனியை நிறுத்தினார். "சீனியத்தான் விட்டுட்டேனே, இனி என்னம்மா?" என்பார். சோறு குறையவில்லை; மாத்திரையும் ஒழுங்காகப் போடவில்லை. காலில் முள் குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. புண் முற்றி, காலை எடுக்க வேண்டியதாயிற்று.

பெயர் பொய் சொல்லவில்லை. வெளியே கண்டதை மட்டுமே சொன்னது, காரணத்தைச் சொல்லவில்லை. சோறும் ரொட்டியும்கூட உடம்பில் சர்க்கரையாகத்தான் மாறும். அந்தச் சர்க்கரை உடம்புக்குப் பயன்பட இன்சுலின் வேண்டும். அது குறைந்தாலோ, சரியாக வேலை செய்யாவிட்டாலோ, சர்க்கரை இரத்தத்தில் ஏறிச் சிறுநீரில் இறங்கும். இன்சுலின் என்ற பெயரும் 'தீவு' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. கணையத்தில் தீவுகளைப்போல் சிதறிக் கிடக்கும் அணுக்கூட்டங்களில் அது ஊறுகிறது. 1921இல் கனடாவின் டொரொண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் அதைக் கண்டெடுத்த பிறகு எத்தனையோ உயிர்கள் பிழைத்தன.

அப்பாவின் அட்டை எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. எழுத்தறிந்த பிள்ளை நான். ஒருநாளும் எடுத்து வாசித்ததில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மாணவச் செல்வங்களே, இன்றிரவே வீட்டிலுள்ள மருந்து அட்டையை எடுத்து வாசித்துக் காட்டுங்கள். பெற்றோர்களே, புரியாததை டாக்டரிடம் கேளுங்க, வெட்கப்படாதீங்க. நாம் கற்ற எழுத்து முதலில் நம் வீட்டுக்கு உதவட்டும்.